எட்டு போட்டாச்சு, அடுத்து என்ன? புதிதாக பைக் ஓட்டுபவருக்கு முதல் ஓராண்டு வழிகாட்டி

ஆர்டிஓ மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் கியர் வண்டி லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த எட்டு சாட்சி. 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் எத்தனை மீட்டரில் நிறுத்துவீர்கள்? அதை அங்கே யாரும் பார்க்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வைப் பற்றிய 15ஆவது விதியில் அவசரமாக நிறுத்துவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மைதானங்களில் எட்டோடு தேர்வு முடிந்துவிடுகிறது.

அதற்கப்புறம் வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஓட்ட ஓட்டப் பழகிடும்." பழகும், மறுப்பதற்கில்லை. எது பழகுகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இவர்களில் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கிலோமீட்டர் எதைக் கற்றுத்தரும், வகுப்பு எதைக் கற்றுத்தரும்

பத்து வருடம் வண்டி ஓட்டியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பிரேக் போடுகிறார். ஐம்பதும் மென்மையான பிரேக். பின் பிரேக்கை மிதித்தாலே போதும், வண்டி நின்றுவிடுகிறது. "முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்" என்று யாரோ சொன்னதை நம்பி அவர் அதைத் தொடுவதே இல்லை. இந்தப் பழக்கத்துக்குச் சாலை தண்டனை தருவதில்லை, அதனால் அது சரியென்றே அவருக்குப் படுகிறது. ஒரு நாள் உண்மையிலேயே அவசரம் வரும். பத்து வருடம் பழகியதைக் கால் செய்யும். பின் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டபடி வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

இதைக் கணக்கில் பார்க்கலாம். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 17 மீட்டர் போயிருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தால் அடுத்த 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அந்த 20 மீட்டர் 40 மீட்டர் ஆகிவிடும். ஒரு டவுன் பஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். ஒன்றரை பஸ் நீளத்துக்கும் மேலான வித்தியாசம் அது.

இந்த விஷயத்தில் பழையதானாலும் இன்றும் கண்ணைத் திறக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி எடுக்காதவர்கள். தானாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதல் வரை பெரும்பாலோருக்குக் கிடைத்தது இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்ததும் ஒரே மாதிரிதான்: பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைப் பூட்டினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை, விலகி ஓட்டுவது அவர்களுக்குக் கைவரவே இல்லை. இரண்டு விநாடியில் யோசிக்க முடியாது. கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே நடக்கும்.

ஆனால் வகுப்புக்குப் போய்விட்டாலே போதும் என்று நினைப்பதும் ஆபத்து. நார்வேயில் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். இளம் ஆண்களிடம் வழுக்கல் விபத்து குறைவதற்குப் பதில் கூடியது. வழுக்கினால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் வந்ததும் வேகமும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு நாள் வகுப்பு முடித்து, சான்றிதழை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, மறுநாள் மலைப்பாதையில் முழங்கால் தரையில் உரசும்படி சாய்க்கக் கிளம்புகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

ஆகவே கையும் காலும் செய்யவேண்டியதைப் பயிற்சியில் கற்க வேண்டும். கண் செய்யவேண்டியதைச் சாலையில்தான் கற்க முடியும், அதுவும் ஓட்டியதைத் திரும்பிப் பார்த்தால் மட்டும். கீழே சொல்லும் படிகள் இந்த இரண்டையும் முதல் ஓராண்டுக்குள் சேர்த்துக் கட்டுவதற்கானவை.

முதல் வாரம்: வண்டியும் ஹெல்மெட்டும்

ஷோரூமில் கொடுத்தபடியே ஓட்ட வேண்டியதில்லை. சீட்டில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, கைகளை ஹேண்டில்பாருக்கு நீட்டுங்கள். விரல்கள் முன்கையின் நேர்க்கோட்டிலேயே போய் பிரேக் லீவரைத் தொட வேண்டும். மணிக்கட்டை மேலே மடக்க வேண்டியிருந்தால் லீவர் கோணம் தப்பு. எந்த மெக்கானிக்கும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். அவசரத்தில் வீணாகும் கால் விநாடி பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டயர் காற்றை வாரம் ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். அளவு செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். 100 முதல் 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் தனியாகப் போக முன்னே 25, பின்னே 28 முதல் 33 பிஎஸ்ஐ வரை இருக்கும். ஆள் ஏற்றினால் பின்னே கூட வேண்டும். பங்க்கில் கேட்காமலே 40 அடித்துவிடுவார்கள். காற்று அதிகமானால் டயர் தரையைப் பிடிக்கும் பரப்பு குறையும், முக்கியமாக மழையில். புது டயராக இருந்தால் முதல் 150 கி.மீ. வரை அதிகம் சாய்க்கவும் வேண்டாம், அழுத்தி பிரேக் போடவும் வேண்டாம். மேல்தோலின் வழவழப்பு தேய வேண்டும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ் 4151 எண்ணுடன் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். அதைவிட அதிகம் பேர் கோட்டை விடுவது அளவில். புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்து, அந்த எண்ணுக்கு வாங்குங்கள். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னால் வந்தால் அந்த ஹெல்மெட் மோதலின் முதல் அடியிலேயே பறந்துவிடும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது.

பிரேக் எந்த வகை என்பதை வாங்கிய அன்றே தெரிந்துகொள்ளுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். ஆனால் பல 150, 160 சிசி வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் இன்னமும் பூட்டிக்கொள்ளும். 125 சிசி வரையுள்ள பல வண்டிகளில் சிபிஎஸ் எனும் கூட்டு பிரேக் வரும். அதில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து வேலை செய்யும், ஆனால் முழு பலத்தோடு இல்லை. சிபிஎஸ் இருக்கிறது என்பதற்காக முன் லீவரை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வாரம்: இடம் தேடி, கோலமாவு வாங்குங்கள்

பயிற்சிக்கு 80 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள தார் போட்ட இடம் போதும். ஊருக்கு வெளியே மனை பிரித்துச் சாலை போட்டு, வீடு வராமல் கிடக்கும் லே அவுட்டுகள் இதற்கென்றே செய்தது போல இருக்கும். உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனால் வெயிலும் இருக்காது, கிரிக்கெட் ஆட வரும் பையன்களும் இருக்க மாட்டார்கள். முதல் வேலை சாலையை நடந்து பார்ப்பது. சிறு ஜல்லி, மணல் இருந்தால் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். கோடு போடக் கோலமாவு, அளக்க இன்ச் டேப், அடையாளத்துக்குப் பாதி மணல் நிரப்பிய ஆறு தண்ணீர் பாட்டில். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கையுறை, கணுக்கால் மூடும் ஷூ, முழுக்கை ஜீன்ஸ் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

ஆரம்பம் மெதுவோட்டம். அரை மீட்டர் இடைவெளியில் 15 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடு இழுங்கள். அதற்குள் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சற்றே கொடுத்து, கிளட்ச்சைப் பாதி பிடியில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி போங்கள். இதில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்; ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி பொத்தென்று விழும். முதலில் ஆறேழு விநாடியில் கடந்துவிடுவீர்கள். 15 விநாடி ஆகும் வரை பழகுங்கள். அப்போது நடக்கும் வேகத்தைவிடக் குறைவாகப் போகிறீர்கள். கோட்டைக் குனிந்து பார்த்தால் தள்ளாடும், கோட்டின் முடிவைப் பார்த்தால் நேராகும். பார்வை போகும் இடத்துக்கே வண்டி போகும் என்பது இனி எல்லாப் படியிலும் வரும்.

மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை: பிரேக்

இதற்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். மற்ற எந்தப் பயிற்சியைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்கு இடம் மாறும். முன் டயர் தரையில் அமுங்கும், பின் டயர் லேசாகும். அதனால்தான் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பாரம் வந்து சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் வெடுக்கென்று பிடித்தால் இன்னும் அமுங்காத டயர் பூட்டிக்கொள்ளும். "தூக்கிப் போடும்" என்று ஊரார் சொல்வதன் பின்னணி இதுதான். தவறு முன் பிரேக்கில் இல்லை, வெடுக்கென்ற பிடியில் இருக்கிறது. ஈரத் துணியைப் பிழிவதைப்போல, முதலில் மெல்லத் தொட்டு, முன் ஷாக் அமுங்குவது தெரிந்ததும் இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

கோலமாவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிடியுங்கள். முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொள்ளுங்கள், முழங்கை சற்று மடங்கியிருக்கட்டும். கையை விறைத்து நீட்டினால் உடம்பின் பாரம் முழுக்க ஹேண்டிலில் விழுந்து வண்டி ஆடும். பார்வை தூரத்தில் ஒரு மரத்தில் இருக்கட்டும். நிற்பதற்குச் சற்று முன் கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியருக்கு வந்து, இடது காலை ஊன்றுங்கள். முதல் கியருக்கு வருவது வெறும் ஒழுங்குக்காக இல்லை. அவசரமாக நின்றபின் பின்னால் ஒரு லாரி நிற்காமல் வந்தால், உடனே நகர அது வேண்டும்.

பத்து நிறுத்தம் சரியாக வந்தால் 30க்கும், அடுத்த வாரம் 40க்கும் போங்கள். ஒவ்வொரு முறையும் கோட்டிலிருந்து முன் சக்கரம் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். 40 கி.மீ. வேகத்தில் முதல் நாள் 15 மீட்டருக்கு மேல் போவது சகஜம். முன்னே டிஸ்க் உள்ள வண்டியில் 9 முதல் 10 மீட்டர் வரை கொண்டுவரலாம், டிரம் என்றால் 12 மீட்டரை நோக்குங்கள். ஒரு நாளைக்கு 15 நிறுத்தத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பிரேக்கும் சூடாகும், கையும் சோரும்.

தப்பு நடந்தால் என்ன செய்வது? முன் சக்கரம் பூட்டினால் ஹேண்டில் திடீரென்று உயிரற்றது போல் இருக்கும். அந்தக் கணமே விட்டுவிட்டு மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் பூட்டிப் பக்கவாட்டில் போக ஆரம்பித்தால் இதற்கு நேர்மாறு: பிரேக்கை விடாமல் அப்படியே நிறுத்துங்கள். கோணலாகப் போகும்போது சட்டென்று விட்டால் டயர் திடீரெனப் பிடித்து ஆளை மறுபக்கம் வீசிவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் முழு பலத்தோடு பிடித்தால் லீவர் விரலுக்கடியில் 'டடடட' என்று துடிக்கும். பயந்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது வேலை செய்கிறது என்று அர்த்தம், விடாமல் பிடியுங்கள். இந்தத் துடிப்பை மைதானத்தில் பத்து முறையாவது உணர்ந்திருக்க வேண்டும். முதன்முதலாக அதைச் சந்திப்பது ஒரு வேன் பின்னால் என்றாகிவிடக் கூடாது.

கடைசி இரண்டு ஞாயிறும் கோட்டை அழித்துவிடுங்கள். நண்பர் ஓரத்தில் பாதுகாப்பான தூரத்தில் நின்று, அவருக்குத் தோன்றும்போது கையைத் தூக்கட்டும். அப்போது நிறுத்துங்கள். எதிர்பார்த்து நிறுத்தியதைவிட 40 கி.மீ. வேகத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். நகரில் ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் முன் பிரேக் லீவர் மேல் இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு பயிற்சி மனதில் ஏற்றிவிடும்.

மூன்றாவது மாதம்: விலகுவது

சைக்கிள் வேகத்தில் ஹேண்டிலைத் திருப்பித் திரும்புகிறோம். சுமார் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி அப்படித் திரும்புவதில்லை. வலதுபக்கம் போக வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்ப, வண்டி வலப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் போகும். கேட்கத் தலைகீழாகத் தெரியும். எல்லோரும் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள். அறியாமல் செய்கிறவர்கள் பதற்றத்தில் நேர்மாறாகத் தள்ளிவிடும் அபாயம் உண்டு.

நேரான சாலையில் 35 கி.மீ. வேகத்தில் வலதுகையை லேசாகத் தள்ளி, அப்புறம் இடதுகையைத் தள்ளி உணருங்கள். பிறகு இரண்டு பாட்டிலை வைத்து ஒரு வாசல், அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி நடுவில் ஒரு பாட்டில். 30 கி.மீ. வேகத்தில் வாசலைத் தாண்டியதும் ஒரு தள்ளு, பாட்டிலைக் கடந்ததும் மறுகையால் ஒரு தள்ளு. வந்துவிட்டால் தூரத்தை 12 மீட்டருக்குக் குறையுங்கள். விலகும்போது பிரேக்கைத் தொடக்கூடாது. டயருக்கு இருக்கும் பிடி ஒரு அளவுதான். அதைச் சாய்வுக்கும் பிரேக்குக்கும் ஒரே நேரத்தில் கேட்டால் கொடுக்காது. பிரேக் போட்டு, விட்டு, பிறகு விலகுங்கள். அல்லது விலகி, நிமிர்ந்து, பிறகு பிரேக்.

நான்காவது மாதம் முதல்: சாலையை வாய்விட்டுப் படிப்பது

இனி கிலோமீட்டர்கள் வேலை செய்யட்டும். ஹெல்மெட்டுக்குள் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. தினமும் பத்து நிமிடம், கண்ணில் படும் ஆபத்துகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். எதைப் பார்த்தேன், அது என்ன செய்யக்கூடும், நான் என்ன செய்கிறேன் என்ற மூன்றும் அதில் வரவேண்டும். காலை எட்டரை மணி, ஊர் எல்லையில் ஒரு பஸ் நிற்கிறது என்று வையுங்கள். "பஸ் நிற்குது. அடியில பார்க்கிறேன், முன் சக்கரத்துக்குப் பக்கத்துல ரெண்டு ஜோடிக் கால், ஸ்கூல் ஷூ. குறுக்கே வருவாங்க. ஆக்ஸிலரேட்டர் விட்டாச்சு, விரல் பிரேக்ல, பஸ்ஸை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி." பஸ்ஸின் அடியில் கால் தேடுவது போன்ற வழக்கத்தை எந்த ஒருநாள் வகுப்பாலும் ஊட்ட முடியாது. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் கண்ணுக்கு ஏறும்.

எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் சீக்கிரம் வரும். சந்திலிருந்து எட்டிப் பார்க்கும் காரில் ஓட்டுநரின் முகத்தை நம்பாதீர்கள். உங்களையே பார்த்துக்கொண்டு உங்கள் குறுக்கே வண்டியை எடுப்பவர்கள் உண்டு. முன் சக்கரத்தைப் பாருங்கள், அது உருள்வது முதலில் தெரியும். ஓரத்தில் நிற்கும் காரில் ஓட்டுநர் சீட்டில் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொண்டு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போங்கள். ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, முன்னால் ஓரத்தில் கைகாட்டும் ஆளைப் பார்த்துச் சொல்லலாம். லாரியின் வலது இண்டிகேட்டர் "முந்திப் போ" என்றும் இருக்கலாம், "வலப்பக்கம் திரும்புகிறேன்" என்றும் இருக்கலாம். அதை அனுமதியாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் இல்லை.

ஹர்ட் அறிக்கையில் மிக அதிகமாகப் பதிவான மோதல், எதிரே வரும் கார் பைக்கின் குறுக்கே திரும்பியது. அங்கே அது இடப்பக்கத் திருப்பம், நமக்கு வலப்பக்கத் திருப்பம். நான்குவழிச் சாலையில் மீடியன் திறப்பு, ஊருக்குள் நாற்சந்தி, பெட்ரோல் பங்க் வாசல் மூன்றிலும் இதை எதிர்பாருங்கள். திறப்புக்கு முன் வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்து, விரலை பிரேக்குக்குக் கொண்டுபோய், முன்னால் போகும் பெரிய வண்டியின் மறைவிலிருந்து வெளியே வந்து நீங்கள் தெரியும்படி இருங்கள்.

முன்வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். அது ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். முடிக்கும் முன் நீங்கள் கம்பத்தைத் தொட்டால் நெருக்கம் அதிகம். மழையில் நான்கு விநாடி. இடைவெளி விட்டால் இன்னொருவன் நுழைந்துவிடுகிறான் என்பார்கள். நுழையட்டும், மறுபடி விடுங்கள்.

இரவு ஓட்டத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. 100, 125 சிசி வண்டிகளின் லோ பீம் சுமார் 30, 40 மீட்டர்தான் காட்டும். 60 கி.மீ. வேகத்தில் நிற்க மொத்தம் 37 மீட்டர் வேண்டும் என்பதை மேலே பார்த்தோம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் கரும்பு டிராக்டரைப் பார்க்கும்போதே இடம் முடிந்திருக்கும். தெருவிளக்கு இல்லாத சாலையில் 45ஐத் தாண்டாதீர்கள். இடது விளிம்போரமாகவே ஒட்டியும் போகாதீர்கள், சர்வீஸ் ரோடு இல்லாத இடங்களில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள் அந்த ஓரத்தில்தான் வரும். அறுவடைக் காலத்தில் இன்னொன்று: சாலையில் நெல்லைக் காயவைத்து, வண்டி ஏறாமல் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போனபின் கற்கள் அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு வாரமும்: தப்பித்ததை எழுதுங்கள்

சும்மா கடந்த கிலோமீட்டர் அனுபவமாக மாறுவது இந்த இடத்தில். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது மனம் பதறும் கணம் வரும். அன்றிரவே நான்கு வரி எழுதுங்கள். "ஆட்டோக்காரன் தப்பு" என்று எழுதினால் அதில் கற்க ஒன்றுமில்லை, அந்த ஆட்டோக்காரர் உங்கள் நோட்டைப் படிக்கப்போவதில்லை. கேள்வியை இப்படி மாற்றுங்கள்: அது நடப்பதற்கு மூன்று விநாடி முன்னால் எனக்கு எது தெரிந்திருக்க முடியும்? "ஓரத்தில் பெண்மணி கை காட்டினார், நான் பார்த்தேன், ஆட்டோவோடு சேர்த்து யோசிக்கவில்லை." இரண்டு மாதத்தில் உங்கள் பலவீனம் தானாக வெளிப்படும். சிலருக்கு எல்லாப் பதிவும் முந்தும்போது, சிலருக்கு மாலை ஆறு மணிக்குமேல் களைப்பில், சிலருக்குப் போனில் பேசி முடித்த உடனே. ஒன்றுமே எழுத இல்லாமல் மாதம் போனால் சந்தோஷப்படும் முன் ஒன்றைச் சோதியுங்கள்: ஆபத்தே வரவில்லையா, வந்ததை நீங்கள் கவனிக்கவில்லையா?

பிரிட்டனில் 1956 முதல் இயங்கும் மேம்பட்ட ஓட்டுநர் அமைப்பு ஒன்றில், தேர்ந்த ஓட்டுநர் உங்கள் பின்னாலேயே தன் பைக்கில் வந்து, நிறுத்தும் இடங்களில் நீங்கள் செய்ததைச் சொல்லித் தருவார். பயிற்சியையும் அனுபவத்தையும் ஒரே சாலையில் சேர்க்கும் முறை அது. இங்கே அதற்கு ஈடாக, நிதானமாக ஓட்டும் ஒருவரை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பின்தொடரச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டுபவரைக் கூப்பிடாதீர்கள். டீக்கடையில் நிறுத்தி மூன்றே விஷயம் சொல்லட்டும். நீங்கள் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு எப்போது, எந்த வகுப்புக்கு

காசு கொடுத்துச் சேரும்முன் கேட்க வேண்டியவை சில. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? ஆறு பேருக்கு மேல் என்றால் காத்து நிற்பதிலேயே நாள் போய்விடும். ஆளுக்கு எத்தனை அவசர நிறுத்தம் செய்ய வைப்பார்கள்? இருபதுக்குக் குறைந்தால் யோசியுங்கள். உங்கள் வண்டியிலேயே பழகலாமா? சாலையில் உடன் வந்து பார்ப்பார்களா? ஸ்லைடு காட்டும் நேரம் ஓட்டும் நேரத்தைவிட அதிகம் என்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

தடுப்பு ஓட்டம், அதாவது ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து தவிர்த்து ஓட்டுவது, சொல்லித்தரும் ஒருநாள் வகுப்புக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் போங்கள். அதற்குள் மேலே சொன்ன பிரேக் பயிற்சி கைவந்திருந்தால் பயிற்றுநரால் உங்கள் தவறைத் திருத்த முடியும். இல்லாவிட்டால் அடிப்படையிலேயே நேரம் கழியும். ரேஸ் டிராக் பள்ளிகள் வேறு வகை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் (முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் வகுப்புகள் நடந்திருக்கின்றன. வளைவில் எங்கே பார்ப்பது, எப்போது ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது, உடம்பைத் தளர்வாக வைப்பது எப்படி என்று அங்கே கற்பதற்கு மதிப்பு அதிகம். ஆனால் டிராக்கில் மாடு இல்லை, எதிரே வண்டி இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் போனால் போதும்.

மலைப்பாதைக்கும் அப்படித்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்கி, வால்பாறையின் 40க்குப் போய், கொல்லிமலையின் 70ஐக் கடைசியாக வையுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்குங்கள், வளைவுக்குள் பிரேக் தேடாதீர்கள். சாலையின் இரண்டு ஓரமும் ஒன்றுசேர்வது போல் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அது உங்களிடமிருந்து விலகிக்கொண்டே போனால் வளைவு விரிகிறது. உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, இன்னும் வேகம் குறைய வேண்டும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் பிரேக் சூடேறி மங்கும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்; ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவதும் புதுக் கல்விதான். நிற்கும் தூரமும் ஹேண்டில் கனமும் மாறும். முதலில் அவரோடு மைதானத்தில் பத்து நிறுத்தம் செய்து பாருங்கள். ஹெல்மெட் அவருக்கும் கட்டாயம். புடவை முந்தானை, துப்பட்டா இரண்டையும் கிளம்பும் முன் இழுத்துச் செருகியதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

கைப்பழக்கம் மங்கும். அதனால் வருடத்தில் இரண்டு நாளைக் குறித்து வையுங்கள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசி ஞாயிறு, பொங்கல் முடிந்த மறு ஞாயிறு. வண்டி மாற்றினாலும், ஒரு மாதம் ஓட்டாமல் இருந்தாலும் அதே வேலை. கோலமாவு, டேப், பழைய நோட்டு. 40 கி.மீ. வேகத்தில் ஐந்து நிறுத்தம். போன தடவை 10 மீட்டரில் நின்றது இப்போது 13 ஆகியிருந்தால் பிரேக் பேடையும் டயரையும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்த மூன்று ஞாயிறும் காலை ஆறு மணிக்கு அந்த லே அவுட்டுக்கு வந்துவிடுங்கள்.